அணுவெடிச் சோதனைத் தடை: தொரப்பள்ளிக்காரர் கேட்டது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அணு ஆயுதச் சோதனைகளை மீண்டும் தொடங்கப்போவதாக 2025 அக்டோபரில் அமெரிக்க அதிபர் அறிவித்ததிலிருந்து, இந்தியாவும் இன்னொரு முறை வெடித்துப் பார்த்துவிட வேண்டும் என்று வாதிடுவோரின் குரல் ஓங்கியிருக்கிறது. நம் அரசு அதற்குச் செவிசாய்க்கக் கூடாது என்பதோடு, 1996இல் ஏற்க மறுத்த முழுமையான சோதனைத் தடை ஒப்பந்தத்தில் இப்போது கையெழுத்திட வேண்டும் என்பதும் என் கோரிக்கை.

ஒசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, 1962 செப்டம்பரில், தம் 83ஆம் வயதில், காந்தி அமைதி நிறுவனத்தின் தூதுக்குழுவோடு வாஷிங்டன் சென்று, சோதனைகளை நிறுத்துமாறு அதிபர் கென்னடியிடம் நேரில் வேண்டிக்கொண்டார். அப்போது அவர் சுதந்திரா கட்சியை நிறுவி நேருவின் ஆட்சியைக் கடுமையாக எதிர்த்துக்கொண்டிருந்தவர். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் இருவருக்கும் வேற்றுமை இல்லை. பிகினி தீவில் வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல் ஜப்பானிய மீன்பிடிப் படகொன்றில் இருந்த 23 பேர்மீது படிந்த 1954ஆம் ஆண்டிலேயே, சோதனைகளை நிறுத்திவைக்க உடன்பாடு வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் கேட்டவர் நேரு. 1963இல் கையெழுத்தான மாஸ்கோ ஒப்பந்தம் வளிமண்டலத்திலும் விண்வெளியிலும் கடலடியிலும் வெடிப்பதைத் தடுத்தது. இந்தியாவும் அதில் சேர்ந்தது. நிலத்தடிச் சோதனை மட்டும் தடைக்குள் வரவில்லை. பூமிக்குள் வெடித்தால் கண்டுபிடிக்க இயலாது என்ற வாதமும் அதற்கு ஒரு காரணம்.

அந்த வாதம் இன்று நிற்காது. எங்கள் ஊருக்கு இரண்டு கிலோமீட்டர் தள்ளியுள்ள கல் குவாரியில் வெடி வைத்தால், சமையலறை அலமாரியில் கவிழ்த்திருக்கும் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். வெடியா, நில அதிர்வா என்று சொல்ல எங்களால் ஆகாது. கருவிகளால் ஆகும். வெடிப்பு எல்லாத் திசையிலும் பாறையை வெளியே தள்ளுவதால் முதலில் வரும் அழுத்த அலை ஓங்கியும், பின்வரும் அலைகள் ஒப்பளவில் மெலிந்தும் பதிவாகின்றன. பாறைப் பிளவு சறுக்கும் நிலநடுக்கத்தின் பதிவு வேறு மாதிரி. ஒரு கிலோடன்னுக்கும் (ஆயிரம் டன் டி.என்.டி. வெடிமருந்தின் ஆற்றல்) குறைவானதாகக் கணிக்கப்பட்ட 2006ஆம் ஆண்டு வடகொரியச் சோதனையைக்கூடக் கண்காணிப்பு நிலையங்கள் பிடித்துவிட்டன.

ஆயுதக் குறைப்புக்குக் காலவரையறை இல்லை என்பதும், சோதனைத் தடை ஒப்பந்தம் நடைமுறைக்கு வரக் கட்டாயம் ஒப்புதல் தர வேண்டிய 44 நாடுகளில் தன்னையும் கேளாமலே சேர்த்துவிட்டார்கள் என்பதும் 1996இல் இந்தியா எழுப்பிய ஆட்சேபங்கள். அவற்றில் நியாயம் இருந்தது. இன்றும் முழுதாகத் தீர்ந்துவிடவில்லை. ஆயினும் 1998 பொக்ரானுக்குப் பிறகு நாமாக அறிவித்த நிறுத்தத்தை எல்லா அரசுகளும் காத்துவந்திருக்கையில், நடைமுறையில் கடைப்பிடிப்பதை எழுத்தில் தருவதால் என்ன இழப்பு? ரஷ்யா 2023இல் தன் ஒப்புதலைத் திரும்பப் பெற்றது. அமெரிக்காவும் சீனாவும் கையெழுத்திட்டும் ஒப்புதல் அளிக்கவில்லை. அவர்கள் பின்வாங்கும் இந்த வேளையில் நாம் இடும் கையெழுத்துக்கு எடை கூடும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் வரும் கூட்டத்தொடரிலேயே இதைக் கேள்வியாக எழுப்பி, வெளியுறவு அமைச்சரிடம் எழுத்துப்பூர்வமான பதிலைக் கேட்டுப் பெற வேண்டும் என்று இந்த மாவட்டத்துக்காரனாகக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
சூளகிரி, கிருஷ்ணகிரி மாவட்டம்.