பூசி மெழுகாமல் பேசியவர்களுக்கு நன்றி

பேரன்புடையீர், வணக்கம்.

சமூகத் தலைமைப் பயிற்சியின் எங்கள் அணி நிறைவு பெற்றிருக்கிறது. விழா மேடையில் நன்றியுரை என்று ஒரு பெயர்ப்பட்டியல் வேகவேகமாக வாசிக்கப்பட்டது. நேரமாகிவிட்டதைச் சைகை காட்டியவர்கள்மேல் குறையில்லை. ஆனால் யாருக்கு எதற்காக நன்றி என்பது அந்த அவசரத்தில் விட்டுப்போயிற்று. அதனால் இந்த மடல்.

இத்தகைய பயிற்சி புதிதல்ல. அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் 1969இல் தொடங்கிய ‘லீடர்ஷிப் அட்லாண்டா’ என்ற பயிற்சி இவ்வகையில் மூத்தவற்றுள் ஒன்று. வெவ்வேறு துறையினரை ஓர் அணியாக்கி, தாங்கள் வாழும் ஊரின் தொழிலையும் கலையையும் நேரில் பார்க்க வைப்பதுதான் முறை. திட்டம் போடுவது எளிது. வேலை நேரத்தில் ஒரு கும்பல் உள்ளே வந்து குறுக்கும் நெடுக்கும் நின்று கேள்வி கேட்பதைத் தாங்கிக்கொள்ள ஆள் வேண்டுமே! அந்தப் பொறுமைக்கே முதல் நன்றி.

அச்சக உரிமையாளருக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது. நான்கு வண்ணங்களும் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் விழும்வரை எத்தனை தாள்கள் வீணாகின்றன என்று இயந்திரத்தை ஓடவிட்டே காட்டினார். இயந்திரத்தை இயக்குபவர் ஒரு தாளை உருவி, உருப்பெருக்கிக் கண்ணாடியை அதன் ஓரத்தில் வைத்து, எங்களையும் குனிந்து பார்க்கச் சொன்னார். முகம் என்று நாங்கள் நினைத்திருந்தது வெறும் புள்ளிகளாகச் சிதறிக் கிடந்தது. சிவப்பு மட்டும் ஒரு மயிரிழை விலகியிருந்தது. எங்கள் கண்ணுக்குத் தெரியாத அந்தப் பிழைக்காக மீண்டும் இயந்திரத்தை நிறுத்தினார்.

அதைவிடவும் மதிக்கத்தக்கது உரிமையாளர் பிறகு பேசியது. கணக்குப் புத்தகத்தில் லாபம், கையில் காசில்லை என்ற நிலை எப்படி வருகிறது என்று விளக்கினார். தாளும் மையும் உடனே பணம் கேட்கின்றன, கூலி வாரம் தவறாமல் போக வேண்டும், வாடிக்கையாளரோ மூன்று மாதம் கழித்துத்தான் தருகிறார். ‘நன்றாக ஓடுகிறது’ என்று சொல்லி எங்களை அனுப்பிவைத்திருக்கலாம். சிறு தொழில்கள் நட்டத்தால் மட்டுமல்ல, வராத பாக்கியாலும் மூடப்படுகின்றன என்பதை அன்றைக்கு அந்த ஒரு மேசையைச் சுற்றி நின்றே புரிந்துகொண்டோம்.

கூட்டுறவுப் பண்டகசாலைச் செயலாளருக்கும் நன்றி. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 1844இல் 28 பேர் சேர்ந்து தொடங்கிய கடையின் கதையோடு அவர் ஆரம்பித்தபோது எங்களில் சிலர் கொட்டாவி விட்டது உண்மை. ஆனால் எவ்வளவு பங்கு வைத்திருந்தாலும் ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்குதான் என்ற விதி, பொதுக்குழுக் கூட்டத்தில் என்ன பாடுபடுத்துகிறது என்று சொல்லத் தொடங்கியதும் தூக்கம் பறந்துவிட்டது.

அருங்காட்சியகக் காப்பாளர் எங்களைக் காட்சிக்கூடத்தில் நிறுத்தாமல் நேரே சேமிப்பறைக்கு அழைத்துச் சென்றார். மக்கள் பார்ப்பது மிகச் சிறு பகுதி, மிச்சமெல்லாம் பெட்டிகளில். பழந்துணிகள் இருந்த அறையில் அந்தி நேரம்போல மங்கலான வெளிச்சம். துணிக்கும் நீர்வண்ண ஓவியத்துக்கும் வெளிச்சத்தை 50 லக்ஸ் (ஒளியை அளக்கும் அலகு) அளவே வைப்பார்களாம். ஒளியால் மங்கிய நிறம் திரும்ப வராது, ஒவ்வொரு மணி நேரமும் சேர்ந்துகொண்டே போகும் சேதம் அது என்றார். பண்பாட்டைக் காப்பது என்று மேடையில் நாங்கள் முழங்குவதெல்லாம் அவரிடத்தில் ஈரப்பத அளவுகோலும் பூச்சிப் பொறியும் எழுதி முடியாத பதிவேடும்தான். ஆள் போதவில்லை என்பதையும் மறைக்கவில்லை.

நாடகக் குழுவினர் முழு ஒத்திகையைக் காட்டவில்லை. ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப நடித்துச் சண்டையும் போட்டுக்கொண்டார்கள். நிகழ்ச்சியாக ஏதும் ஏற்பாடு செய்யாமல் இருந்ததற்கு அவர்களுக்குத் தனி நன்றி!

விடுப்புத் தந்த முதலாளிகள், எங்கள் வேலையையும் சேர்த்துச் செய்த சக ஊழியர்கள், வீட்டைப் பார்த்துக்கொண்டவர்கள், பேருந்தை எந்தச் சந்திலும் திருப்பிக் காட்டிய ஓட்டுநர் அனைவருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். ஒருங்கிணைப்பாளர்களுக்கு நன்றியோடு ஒரு வேண்டுகோளும் உண்டு: அடுத்த அணிக்குச் சொற்பொழிவுகளைக் குறைத்து, ஒவ்வோரிடத்திலும் இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாக நிற்க விடுங்கள்.

காப்பாளர் அவர்களுக்கு: பதிவேட்டு வேலைக்கு ஆள் தருவதாக அன்று சொல்லியிருந்தோம். வரும் சனிக்கிழமையிலிருந்து எங்களில் நால்வர் வருகிறார்கள். கையெழுத்து நன்றாக இருப்பவர்களாகவே பார்த்து அனுப்புகிறோம்.

நன்றியுடன்,
பயிற்சி அணியினர்