பங்குனியில் வரும் பணம்

ஆசிரியருக்கு வணக்கம்.

பள்ளிகளில் வேளாண் கல்விக்கும் மாணவர் தலைமைப் பயிற்சிக்கும் மானியம் எவ்வளவு என்று பேசுவோர், அது எந்த மாதம் கைக்கு வருகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். மேலூர் வட்டத்தில் நான் பெற்றோர் ஆசிரியர் கழகப் பொறுப்பில் இருந்த பள்ளி ஒன்றுக்குக் காய்கறித் தோட்ட மானியம் மார்ச் நடுவில் வந்தது. 31ஆம் தேதிக்குள் செலவழித்து ரசீது காட்ட வேண்டும் என்பதால், பெரியாறு பாசனக் கால்வாய் வறண்டு கிடந்த பங்குனி வெயிலில், தேர்வுக்குப் படிப்பதா, கத்தரி நாற்றுக்குக் குடத்தில் நீர் சுமப்பதா என்று பிள்ளைகள் தவித்தார்கள். நாற்று கருகிவிட்டது. திட்டத்தின் பெயர்ப்பலகை மட்டும் பெயிண்ட் மங்காமல் நிற்கிறது.

அதே தொகை ஆடியில் கிடைத்திருந்தால், விதை நேர்த்தியிலிருந்து அறுவடை வரை ஒரு பருவம் முழுவதையும் அவர்கள் கண்டிருப்பார்கள். ஒத்தக்கடையில் 1965 முதல் இயங்கும் வேளாண்மைக் கல்லூரி தொலைவில் இல்லை. அதன் இறுதியாண்டு மாணவர்கள் கிராமத்தில் தங்கிப் பயில்வதும் பாடத்திட்டத்திலேயே உண்டு. அவர்களைப் பள்ளியோடு இணைக்கப் பேருந்துக் கட்டணமும் மதிய உணவும் போதும்.

தலைமைப் பண்பு மேடைப் பேச்சால் வருவதாக நான் நம்பவில்லை. தோட்டத்தின் வரவு செலவுப் புத்தகத்தைப் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம் ஒப்படைத்து, மாதந்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு அவளை ஒருமுறை அழைத்துச் செல்லலாம்.

மானியத்தை மூன்றாண்டுகளுக்கு உறுதி செய்து, ஒவ்வோர் ஆண்டும் ஆடிக்கு முன் விடுவிக்க உரிய துறைகள் ஆவன செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
விவசாயி ஒருவர்,
மேலூர் வட்டம், மதுரை மாவட்டம்.