கார்ப்பெட்டில் ஆசிட் ஊற்றினோமா? எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்ங்க.

கொஞ்ச நாளாகக் கோயம்புத்தூர் வாட்ஸ்அப் குழுக்களில் ஓர் ஆடியோ சுற்றிக்கொண்டிருக்கிறது. உங்களில் நிறையப் பேருக்கு வந்திருக்கும். சிலர் அதை எனக்கே அனுப்பி, "இது உங்க கடையாங்க அண்ணா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆமாம், கார்ப்பெட் துவைத்துக் கறை எடுக்கிற எங்கள் கடைதான். ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் கிளப் ஹவுஸ் கார்ப்பெட்டை நாங்கள் ஆசிட் ஊற்றி நாசம் பண்ணிவிட்டோம், அதற்குக் காசும் வாங்கிக்கொண்டோம் என்கிறார் அதில் பேசுபவர். அவர் யார் என்று எனக்குத் தெரியும், பெயர் சொல்லப்போவதில்லை. குடியிருப்பின் பெயரும் வேண்டாம். அங்கே எங்களுக்குப் பழைய வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு எதற்குச் சங்கடம்.

ஒவ்வொருவரிடமும் போனில் விளக்கி மாளவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

புத்தாண்டு இரவு அந்தக் கிளப் ஹவுஸில் யாரோ பூந்து விளையாடியிருக்கிறார்கள். யார் என்பதை அசோசியேஷனே இன்னும் முடிவு பண்ணவில்லை, அது அவர்கள் பாடு. கார்ப்பெட்டில் சிவப்பு ஸ்ப்ரே பெயிண்ட் அடித்து, கருப்பு பெர்மனன்ட் மார்க்கரால் ஆங்கிலத்தில் புத்தாண்டு வாழ்த்து எழுதி (அதிலும் ஸ்பெல்லிங் தப்பு), போதாக்குறைக்கு ஒரு மை பாட்டிலையும் கவிழ்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். குடியிருப்புக்காரர்கள் அதை அப்படியே சுருட்டி எங்களிடம் அனுப்பியிருந்தால் கதையே வேறு. முதலில் பெயிண்ட் தின்னர் ஊற்றி பாத்ரூம் பிரஷ்ஷால் தேய்த்திருக்கிறார்கள். போகவில்லை என்றதும் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றியிருக்கிறார்கள். ஹவுஸ்கீப்பிங் அக்காக்களை நான் குறை சொல்லவில்லை. யாரோ சொன்னதைத்தான் அவர்கள் செய்தார்கள், சொன்னவர் இன்றைக்கு வேறு எங்கோ கை காட்டுகிறார்.

வண்டியிலிருந்து இறக்கி ஷெட்டில் விரித்து, ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தேன். மேல் பாகம் மட்டும் கையோடு வந்தது, அடித்துணி தரையிலேயே கிடந்தது. இரண்டுக்கும் நடுவே இருந்த பசை வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது, தின்னர் வாடை அப்போதும் மூக்கைத் துளைத்தது. அங்கேயே குடியிருப்பின் மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினேன். போட்டோ எடுத்தோம். "அடித்துணி விட்டிருக்கிறது, சாயம் வெளுத்திருக்கிறது, மார்க்கர் முழுதாகப் போகாது" என்று பில்லிலேயே எழுதி அவரிடம் கையெழுத்தும் வாங்கினோம். அந்தப் பில் என்னிடம் இருக்கிறது. ஆடியோவில் இதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை.

அடித்துணி ஏன் பிரிகிறது என்றால், இப்போது ஹாலிலும் ஆபீஸிலும் போடுகிற கார்ப்பெட்டில் பெரும்பாலானவை டஃப்டட் வகை. ஒரு துணியில் மிஷினால் நூலைக் குத்திக் குத்தி ஏற்றி, பின்பக்கம் லேட்டக்ஸ் பசை தடவி, அதன் மேல் இன்னொரு துணியை ஒட்டியிருப்பார்கள். நூலைப் பிடித்து வைத்திருப்பதே அந்தப் பசைதான். தின்னரை ஊற்றினால் அது கறையோடு நிற்காது, கீழே இறங்கிப் பசையை இளக்கிவிடும். காஷ்மீர் கார்ப்பெட் மாதிரி கையால் முடிச்சுப் போட்டதில் இந்தப் பசையே கிடையாது, பவானி ஜமக்காளத்திலும் கிடையாது. அதனால்தான் நாங்கள் தின்னர் மாதிரி கறையைக் கரைக்கிற எந்த சால்வென்ட்டையும் நேராக ஊற்றுவதில்லை. வெள்ளைத் துணியில் நனைத்து, கறையின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றி ஒற்றி எடுப்போம், துணியில் கறை ஏறியதும் வேறு துணி மாற்றுவோம். ஒரு சாண் அகலக் கறைக்கே அரை நாள் போய்விடும். பார்க்கிறவர்களுக்கு நாங்கள் சும்மா உட்கார்ந்து தட்டிக்கொண்டிருப்பதாகத்தான் தெரியும்.

இப்போது ஆசிட் விஷயத்துக்கு வருகிறேன். மனசுக்குக் கஷ்டமாக இருப்பது இதுதான். எங்கள் கடையில் ஆசிட் என்று இருப்பது வினிகரும், துருக்கறைக்கு வைத்திருக்கும் ஆக்சாலிக் பொடியும் மட்டும். அந்தக் கார்ப்பெட் நைலான். நைலான் மேல் கடுமையான ஆசிட் பட்டால் இழை நிற்காது, பிசுபிசுத்துக் கரைந்து ஓட்டை விழும். இதில் ஒரு ஓட்டை காட்டச் சொல்லுங்கள். "ஆசிட் பட்ட இடம்" என்று அவர் சொல்கிற வெளிறிய திட்டு, பிளீச்சிங் பவுடரில் இருக்கிற குளோரின் நைலான் சாயத்தைத் தின்றதால் வந்தது. போன சாயத்தை யாராலும் துவைத்துத் திரும்பக் கொண்டுவர முடியாது. இதே பிளீச்சை ஒரு கம்பளிக் கார்ப்பெட்டில் ஊற்றியிருந்தால் இழையே கரைந்திருக்கும், அந்த வகையில் அவர்கள் தப்பித்தார்கள்.

எங்களால் முடிந்ததைச் செய்தோம். ஸ்ப்ரே பெயிண்ட் பொடித்துளியாக விழுந்து சீக்கிரமே காய்வதால் பெரும்பாலும் இழையின் நுனியில்தான் நிற்கும், அதில் முக்கால்வாசி எடுத்துவிட்டோம், மிச்சத்தை நுனிக் கத்தரியால் மேலோட்டமாக நறுக்கினோம். பாட்டில் மையும் ஓரளவு போய்விட்டது. மார்க்கர்தான் நிழலாக நிற்கிறது. கருப்பு மார்க்கர் என்றாலும் உள்ளே பெரும்பாலும் பல சாயங்கள் கலந்திருக்கும், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வைத்து ஒற்றும்போது ஊதாவும் நீலமுமாகப் பிரிந்து வரும். நைலான் சாயத்தைப் பிடித்துக்கொள்கிற நூல், தேய்த்துத் தேய்த்து உள்ளே ஏற்றிவிட்ட பிறகு விடாது. இதே மார்க்கர் பாலிபுரொப்பிலீன் என்கிற பிளாஸ்டிக் இழைக் கார்ப்பெட்டில் பட்டிருந்தால் பெரும்பாலும் போயிருக்கும், அந்த இழைக்குள் சாயம் அவ்வளவாக இறங்காது. (அதற்காக அதன் மேல் அயர்ன் பாக்ஸ் வைத்துவிடாதீர்கள், உருகிவிடும்.)

அந்தக் கார்ப்பெட் இன்னமும் எங்கள் ஷெட்டில்தான் இருக்கிறது, எடுக்க யாரும் வரவில்லை. அட்வான்ஸ் தவிர ஒரு பைசா வாங்கவில்லை. சந்தேகம் இருப்பவர்கள் நேரில் வந்து பாருங்கள், நானே தூக்கிக் காட்டுகிறேன்.

இன்னொன்று. "பத்து ரூபாய் சானிடைசரில் போகிற கறைக்கு இவ்வளவு வாங்குகிறார்கள்" என்றும் ஒரு பேச்சு. சட்டையில் பேனா கோடு விழுந்தால் சானிடைசர் வேலை செய்யும், இல்லை என்று சொல்லவில்லை, அதில் இருப்பதும் ஆல்கஹால்தான். ஆனால் அந்த ஜெல்லின் பிசுக்கு கார்ப்பெட்டில் தங்கிவிட்டால் பிறகு போகிற வருகிற தூசியெல்லாம் அங்கேயே ஒட்டும். நெயில் பாலிஷ் ரிமூவர், மண்ணெண்ணெய், டூத் பேஸ்ட், எலுமிச்சம்பழம் எல்லாம் தடவி முடித்துவிட்டு ஐந்தாவதாக எங்களிடம் வருபவர்கள் உண்டு. அப்போது நாங்கள் எடுப்பது முதல் கறையை மட்டும் அல்ல, அந்த நாலு வைத்தியத்தையும் சேர்த்து.

நீங்கள் செய்யக்கூடியதும் இருக்கிறது. சுவருக்கு அடிக்கிற எமல்ஷன் பெயிண்ட் கொட்டினால் காயவிடாதீர்கள். ஸ்பூனால் வழித்து எடுத்து, ஈரத்துணி போட்டு, மேலே பிளாஸ்டிக் கவரை மூடிவிட்டுப் போன் பண்ணுங்கள். ஈரமாக இருக்கும்வரை தண்ணீரும் லேசான சோப்பும் போதும், காய்ந்துவிட்டால் அது பிளாஸ்டிக் படலம். எனாமல் பெயிண்ட் என்றால் தண்ணீர் பிரயோஜனமில்லை, வழித்துவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள். பரீட்சை கடைசி நாளில் பிள்ளைகள் ஒருத்தர் மேல் ஒருத்தர் மை தெளித்து, பள்ளி மேடைக் கார்ப்பெட் வரை நனைத்துவிடுவது வருஷா வருஷம் நடப்பது. சாதாரண நீல மை என்றால் வெறும் தண்ணீரில் ஒற்றினாலே பாதி வந்துவிடும். நீலக்கருப்பு மையில் சிலவற்றில் இரும்பு இருக்கும், அதில் பிளீச் பட்டால் துரு நிறத்தில் அப்படியே பிடித்துக்கொள்ளும். ஒரு தடவை வாக்குச்சாவடியாக இருந்த பள்ளியிலிருந்து விரலில் வைக்கிற மை கொட்டிய ஜமக்காளம் வந்தது. அதில் இருப்பது சில்வர் நைட்ரேட், வெளிச்சம் பட்டால் வெள்ளியாகவே நூலில் உட்கார்ந்துவிடும். பார்த்ததும் கும்பிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டேன். முடியாததை முடியாது என்று சொல்வதுதான் எங்கள் வழக்கம், கிளப் ஹவுஸ் விஷயத்திலும் அதைத்தான் சொன்னோம்.

சரி, எங்கள் பக்கத்துச் சங்கடங்களையும் சொல்லிவிடுகிறேன். உங்களில் பலருக்கு முகம் தெரிந்த எங்கள் ஸ்பாட்டிங் மாஸ்டர், அதாவது கறை எடுப்பதில் கைதேர்ந்தவர், இப்போது எங்களிடம் இல்லை, திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போய்விட்டார். பனியனில் எண்ணெய்க் கறை எடுக்க அங்கே தருகிற சம்பளத்தை என்னால் தர முடியாது, பிள்ளைகள் படிக்கிற வயதில் இருக்கும்போது நான் தடுப்பதும் நியாயம் இல்லை. நல்லபடியாகத்தான் அனுப்பி வைத்தோம். அவரிடம் தொழில் கற்ற தம்பி இருக்கிறான், கை சுத்தம், ஆனால் வேகம் வர நாளாகும். அதனால் டெலிவரி தள்ளிப்போவது உண்மை, அதற்கு மன்னிக்கணும். டர்பன்டைன், ஆல்கஹால், தின்னர் எல்லாம் விலை ஏறிவிட்டன. எங்கள் போர் தண்ணீர் உப்பு, கடைசி அலசலுக்கு அது ஆகாது, லாரித் தண்ணீர்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் தடித்த கார்ப்பெட் காயவே காயாது. ஆடிக் காற்று மட்டும் நமக்குச் சாதகம், பாலக்காட்டுக் கணவாய் புண்ணியத்தில் அது இலவசம்.

ஆடியோ வந்த அன்றைக்கே ஆர்.எஸ்.புரத்திலிருந்து ஓர் அம்மா போன் பண்ணி, "தம்பி, எங்க மாமியார் காலத்துக் காஷ்மீர் கார்ப்பெட்டை உன்கிட்டத்தானே குடுக்கறேன், நீ கவலைப்படாதே" என்றார்கள். வழக்கமாக ஆடியில் அனுப்புகிறவர்கள், இந்த முறை மறுநாளே அனுப்பி வைத்தார்கள், அதில் கறையே இல்லை. அவிநாசி ரோட்டுக் கல்யாண மண்டபத்து அண்ணன் அவருடைய சங்கக் குழுவில் எங்களுக்காகப் பேசியிருக்கிறார். கொரோனா நேரத்தில் கடை திறக்க வழியில்லாதபோது, வேலை கொடுக்காமலேயே முன்பணம் என்று அனுப்பியவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். அதையெல்லாம் நான் மறந்துவிடவில்லை. நன்றி என்று எழுதினால் சின்னதாகத்தான் தெரிகிறது, இருந்தாலும் நன்றிங்க.

அப்புறம், அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து சதுர அடிக்கு 6 ரூபாய் கூடுகிறது, பெயிண்ட், மார்க்கர் வேலைகளுக்குப் பாதிப் பணம் முன்பணமாக வாங்குவோம், கறை முழுதாகப் போகாவிட்டாலும் அது திருப்பித் தரப்படாது. ஏற்கெனவே கொடுத்த கார்ப்பெட்டுகளுக்குப் பழைய ரேட்தான்.

கறை பட்ட கார்ப்பெட்டை அனுப்பும்போது மடிக்காமல் சுருட்டி அனுப்புங்கள், கறையின் மேல் ஒரு பழைய வெள்ளை வேட்டித் துணியைப் போட்டுச் சுருட்டினால் மறுபக்கம் ஒட்டாது. என்ன கொட்டியது, அதன் மேல் நீங்கள் என்ன தடவினீர்கள் என்பதை மறைக்காமல் ஒரு சீட்டில் எழுதி வையுங்கள், திட்ட மாட்டோம். ஞாயிறு விடுமுறை. மற்ற நாள்களில் காலை பத்து மணிக்குமேல் நான் கடையில்தான் இருப்பேன்.

அன்புடன்,
உங்கள் கார்ப்பெட் கடைக்காரன்