வில்லங்கச் சான்று மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீடு வாங்குவோர் பலர், முப்பது ஆண்டுகளுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்து, அடமானம் எதுவும் இல்லையென்றால் உடனே முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். அந்தச் சான்று, நாம் கேட்ட காலத்தில் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான ஆவணங்களை மட்டுமே காட்டும். பதிவு செய்யப்படாத உயிலும், நிலுவையிலுள்ள பாகப்பிரிவினை வழக்கும் அதில் தெரியாமலே போகலாம்.

சென்ற ஆண்டு நாங்கள் பார்த்த வீட்டுக்கும் வில்லங்கம் ஏதுமில்லை. இறந்துபோன உரிமையாளரின் வாரிசுச் சான்றிதழை வற்புறுத்திக் கேட்டு வாங்கிய பிறகுதான், விற்க முன்வந்த இரு மகன்களின் பெயர்களுக்குக் கீழே, மணமாகி வெளியூரில் வாழும் மகளின் பெயரும் இருப்பதைக் கண்டோம். "அந்தப் பொண்ணுக்குத்தான் சீர் செஞ்சாச்சே சார்" என்றார் தரகர். சீர் செய்தது, பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் விடுதலைப் பத்திரம் ஆகிவிடாது. தந்தை தாமே சம்பாதித்த சொத்தாக இருந்தாலும், அவர் உயில் எழுதாமல் இறந்தால், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்குள்ள அதே பங்கு மகளுக்கும் உண்டு. எனவே அந்த மகளும் கிரயப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும், அல்லது தம் பங்கை முறைப்படி பதிவுசெய்து விட்டுக்கொடுத்திருக்க வேண்டும்.

பட்டா விற்பவர் பெயரில் இருக்கிறதே என்பாரும் உண்டு. பட்டா வருவாய்த்துறைப் பதிவேயன்றி, அதுவே சொத்துரிமையைத் தரும் ஆவணம் ஆகாது.

இந்த வரம்புகளை வில்லங்கச் சான்றின் முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் அச்சிடுமாறு பதிவுத்துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், மதுரை