வைகையில் வந்த அம்மாவுக்கு நன்றி

போன வெள்ளிக்கிழமை எழும்பூரிலிருந்து வைகை எக்ஸ்பிரஸில், நீலச் சேலையில் எங்கள் பக்கத்து சீட்டில் வந்த அம்மாவுக்கு இந்த நன்றி. உங்கள் பெயரைக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

வண்டி கிளம்பியதுமே அலுவலக அழைப்பு. லேப்டாப்பைத் திறந்தேன். இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் போன் கேட்டு அடம்பிடித்தாள். நீங்கள்தான் அவளை ஜன்னலோரம் உட்காரவைத்து, "அந்த மஞ்சள் பலகையில என்ன எழுதியிருக்கு, படி கண்ணு" என்றீர்கள்.

செங்கல்பட்டில் 'ல்', விழுப்புரத்தில் 'ழு', திருச்சிராப்பள்ளியில் 'ள்ளி'. நாக்கு எங்கே தொட வேண்டும், எங்கே மடங்க வேண்டும் என்று வாயைத் திறந்தே காட்டினீர்கள். மூன்றையும் ஒரே மாதிரி படித்துக்கொண்டிருந்தவள் அவள். வீட்டில் சமையலுக்கும் பேருந்துக்கும் நடுவில் பத்து நிமிடம் சொல்லித்தருவேன். அதிலும் என் அவசரம்தான் முன்னால் நிற்கும். நீங்களோ, விருத்தாசலத்தை அவள் நான்கு முறை எழுத்துக்கூட்டும் வரை பொறுமையாக இருந்தீர்கள்.

திண்டுக்கல்லில் நீங்கள் இறங்கும்போதும் நான் வேறொரு அழைப்பில் இருந்தேன். தலையை மட்டும் ஆட்டினேன். அது மனசை உறுத்துகிறது அம்மா.

அப்புறம், சோழவந்தான் பலகையை யாரும் கேட்காமல் அவளே சத்தமாகப் படித்தாள். 'ழ' சரியாக வந்தது. படித்துவிட்டு உங்கள் சீட்டைத்தான் திரும்பிப் பார்த்தாள்.