என் முதல் ஐந்து நிமிடத்துக்குத் துணைநின்றவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

சென்ற சனிக்கிழமை மாலை, அடையாற்றில் ஒரு காப்பிக் கடையின் மாடியில் நடந்த, புதியவர்களும் மேடையேறலாம் என்ற ஓபன் மைக் நிகழ்ச்சியில், ஒன்பதாவது ஆளாக ஏறி ஐந்து நிமிடம் ஸ்டாண்ட்-அப் காமெடி செய்தேன். 46 வயதில், தமிழாசிரியையாக 20 ஆண்டுகள் பணியாற்றிய பின், எனக்கு இது முதல் முறை. கைகொடுத்தவர்களுக்கு முறைப்படி நன்றி கூறவே இம்மடல்.

நிகழ்ச்சியை நடத்திய தம்பி, நான் அனுப்பிய ஒலிப்பதிவை முழுதும் கேட்டுவிட்டு, "டீச்சர், முதல் ஒன்றரை நிமிடத்தை எடுத்துவிடுங்கள், பெற்றோர் கூட்டத்தில் அந்த அப்பா வாயைத் திறக்கும் இடத்தில் ஆரம்பியுங்கள்" என்றார். மனம் வலித்தாலும் அவர் சொன்னதே சரி. மைக்கை எடுத்ததும் ஸ்டாண்டைப் பின்னால் நகர்த்திவிட வேண்டும், சிரிப்பு அடங்கும்வரை அடுத்த வரியைத் தொடக்கூடாது, நான்காவது நிமிடம் பின்வரிசையில், நேரம் முடியப்போகிறது என்று காட்டும் செல்போன் வெளிச்சம் தெரிந்தால் முடிக்கத் தயாராக வேண்டும் என்பதெல்லாம் அவர் பொறுமையாகச் சொல்லித்தந்தவை.

என் நாத்தனார் இரண்டு வாரம், முருங்கைக்கீரை உருவிக்கொண்டே நான் ஒத்திகை பார்ப்பதைத் தினமும் கேட்டார். எனக்காக ஒருமுறைகூடப் பொய்யாகச் சிரிக்கவில்லை. அவர் கை நின்றால் அந்த வரி தேறியது, நிற்காமல் உருவிக்கொண்டே இருந்தால் தேறவில்லை. அப்படித்தான் தேறாத எட்டு வரிகளை அடித்து நீக்கினேன்.

நாகர்கோவிலில் பிறந்து, கோயில் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டுக் கேட்டு வளர்ந்தவள் நான். 1908இல் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் பிறந்த ஒழுகினசேரியும் அங்கேதான் இருக்கிறது. வில்லுப்பாட்டில் புலவர் ஒரு வரி சொன்னால், பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போட்டு அடுத்த வரிக்கு எடுத்துக்கொடுப்பார். ஸ்டாண்ட்-அப்பில் அந்த "ஆமா"வுக்கு ஆளில்லை என்பதே என் பெரிய அச்சமாக இருந்தது. இரண்டாவது நிமிடத்தில் வரி மறந்து நான் நின்றபோது, விளக்கு வெளிச்சத்தில் முகம் தெரியாத ஓர் அம்மா, இடப்பக்கத்திலிருந்து, "அப்புறம் அந்த அப்பா என்ன சொன்னார், டீச்சர்?" என்று மெல்லக் கேட்டார். பார்வையாளர் குறுக்கே பேசுவதை இந்த மேடையில் பொதுவாக விரும்பமாட்டார்கள்; எனக்கோ அந்தக் குரலில்தான் உயிர் வந்தது. மறந்த வரியும் வந்தது, மாடி முழுக்கச் சிரித்தது.

தங்கள் முறை முடிந்தும் எழுந்து போகாமல், என் முறை வரை உட்கார்ந்திருந்த எட்டு இளைஞர்களுக்கும் என் நன்றி. அந்த அம்மாவை நிகழ்ச்சி முடிந்ததும் தேடினேன், அதற்குள் போய்விட்டிருந்தார். இம்மடல் அவர் கண்ணில் பட்டால், அடுத்த மாதமும் அதே இடப்பக்க நாற்காலிக்கு வருமாறு அன்போடு அழைக்கிறேன்.

நன்றியுடன்,
ஒன்பதாவதாகப் பேசிய தமிழாசிரியை