ஐபேடைக் கொடுத்துப் பிடுங்கிய கதை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொழில்நுட்ப நிறுவனங்களின் உதவியால் அமெரிக்காவில் லத்தீனோ (மெக்சிகோ போன்ற லத்தீன் அமெரிக்க நாடுகளின் வம்சாவளி) மாணவர்கள் முன்னேறுவதாகச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எத்தனை கருவிகள் கொடுத்தார்கள் என்ற கணக்கு நிறையவே இருக்கிறது. கொடுத்த பிறகு என்ன ஆனது என்பதைத்தான் காணோம். லாஸ் ஏஞ்சலஸில் மென்பொருள் வேலை பார்ப்பவன் நான். மிச்சக் கதையைச் சொல்கிறேன்.

2013-இல் இந்த ஊர்ப் பள்ளி நிர்வாகம் எல்லா மாணவர்களுக்கும் ஐபேட் தருவதாகக் கிளம்பியது. வைஃபை செலவையும் சேர்த்துச் சுமார் 130 கோடி டாலர் திட்டம். இங்கே நான்கில் மூன்று மாணவர்கள் லத்தீனோ. ஊரின் பாயில் ஹைட்ஸ் பகுதியில் உள்ள ரூஸ்வெல்ட் உயர்நிலைப் பள்ளியிலோ ஏறக்குறைய எல்லோருமே. ஐபேட் கைக்கு வந்த சில நாட்களிலேயே அங்கே பிள்ளைகள் அதில் போட்டிருந்த இணையக் கட்டுப்பாட்டுப் பூட்டைத் திறந்துவிட்டார்கள். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. செட்டிங்ஸுக்குள் போய், நிர்வாகம் போட்டிருந்த புரொஃபைலை, அதாவது கட்டுப்பாடுகள் அடங்கிய அமைப்பை, அழித்தார்கள், அவ்வளவுதான். ஃபேஸ்புக்கும் யூடியூபும் வந்துவிட்டன. 'ஹேக்கிங்' என்று பதறிய அதிகாரிகள், வீட்டுக்கு எடுத்துப்போகத் தடை போட்டுத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். கணினி அறிவியல் வகுப்பு தொடங்க இதைவிட நல்ல சமயம் வாய்க்குமா?

இதே பள்ளி மாணவர்கள்தான் 1968 மார்ச்சில் வகுப்பைப் புறக்கணித்துத் தெருவில் இறங்கினார்கள். மெக்சிகோ வம்சாவளிப் பையன்களைக் கல்லூரிக்குத் தயார் செய்யாமல் பட்டறைத் தொழிலுக்கே தள்ளுகிறார்கள் என்பது அன்றைய புகார்களில் ஒன்று. அவர்களுக்குப் பின் அதே பெஞ்சுகளில் உட்கார்ந்த பையன்களைத் தொழில்நுட்பத் துறை வாடிக்கையாளர்களாக மட்டுமே பார்த்தது என்பது என் கருத்து. ஐபேடில் ஏற்றிக் கொடுத்த பாடத்திட்டமே அரைகுறை. 2014-இல் ஒப்பந்தம் நின்றது, பள்ளி நிர்வாகத்தின் தலைவரான கண்காணிப்பாளர் பதவி விலகினார், அப்புறம் எஃப்.பி.ஐ. வந்து இந்த ஒப்பந்தம் தொடர்பான ஆவணங்களைப் பெட்டி பெட்டியாக அள்ளிப் போனது.

சரி, பட்டுத் திருந்தினார்களா என்றால் அதுவும் இல்லை. 2024 மார்ச்சில் 'எட்' என்றொரு சாட்பாட்டை (கேட்டால் பதில் சொல்லும் உரையாடல் மென்பொருளை) ஆரவாரமாகத் தொடங்கினார்கள். சில மாதங்களிலேயே அதைச் செய்த நிறுவனம் பெரும்பாலான ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

இந்த நாட்டில் பட்டம் முடிப்பதில் லத்தீனோ ஆண்கள் தம் சமூகப் பெண்களைவிடவும் பின்தங்கியிருக்கிறார்கள். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அடுத்த முறையாவது, எந்தப் பள்ளியில் கணினி அறிவியல் ஆசிரியர் இருக்கிறார், அவருக்குச் சம்பளம் யார் தருகிறார்கள் என்பதையும் கட்டுரையாளர் விசாரித்து எழுதட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், லாஸ் ஏஞ்சலஸ்